அருவிக்கு நான் பொறுப்பில்லை

நாலு பேர் என்று சொல்லி
ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள்.
மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி
வேனுக்குள்ளிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது.
கேட்டால்,
'பிள்ளைகளை எல்லாமா எண்ணுவீங்க' என்கிறார்.
அதில் ஒரு பிள்ளைக்கு மீசை இருந்தது.

இலஞ்சியில் எனக்கு இருப்பது ஒரு மாடி.
இரண்டு அறை, ஒரு அடுப்படி,
மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை.
சாரல் நாளில் மலையும் இருக்காது.
சீசன் மூன்று மாதம்
மாடி எனக்குச் சோறு போடும்.
மிச்ச மாதமெல்லாம்
பாசி சுரண்டி, மோட்டார் மாற்றி, வெள்ளையடித்து
நான் அதற்குச் சோறு போடுவேன்.

வந்த அன்றைக்கே எண்ணெய் மசாஜ்.
உருவிவிட்ட உடம்போடு
வெள்ளை விரிப்பில் உருண்டிருக்கிறார்கள்.
கை, கால், தலையோடு
ஆள் ஆளாய் அச்சு விழுந்திருந்தது.
சோடாவும் சீயக்காயும் போட்டுத் துவைத்தேன்.
எல்லாரும் போய்விட்டார்கள், ஒருவரைத் தவிர.
அவர் இன்னமும் கையை விரித்துக்கொண்டு கிடக்கிறார்.

மறுநாள் காற்று. கரண்டு போனது.
'ஜன்னலைச் சாத்திக்கோங்க, குரங்கு வரும்.'
புழுக்கம் என்று திறந்தார்கள்.
வந்தது.
பிரானூர் புரோட்டா ஆறு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு
முருங்கையில் போய் உட்கார்ந்து
சால்னாவை மட்டும் எங்கள்மேல் ஊற்றியது.
'உங்க குரங்கைக் கூப்பிடுங்க' என்று கத்தினார் ஒரு அம்மா.
என் குரங்காம்.

மூன்றாம் நாள் மலையில் பேய்மழை.
மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது வெள்ளம்.
போலீஸ் விசில், கயிறு, தடை.
ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் கயிறு.
தலை நனையாமல்
ஊருக்குத் திரும்பினார்கள்,
என் ஐந்து லிட்டர் குக்கரோடு.
வெயிட் மட்டும் அடுப்பு மேடையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை போனில் வந்து விழுந்தது:
'அருவி மூடியிருந்தது. எங்கும் ஈரம். குரங்கு.
ஓனர் ஆவுடைத்தங்கம் ஆளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்.
ஒரு நட்சத்திரம்.'
அடுத்த வாரத்துக்குப் பதிந்திருந்த இரண்டு குடும்பம்
ராத்திரிக்குள் கழன்றுகொண்டது.

விளக்கை அணைத்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
ஏல, அருவிக்கு வால்வு எங்க வீட்டுலயா இருக்கு?
அழித்தேன்.
சாரல்ல ஈரம் இல்லாம என்ன இருக்கும், சவத்தெழவு!
அழித்தேன்.
குக்கர்.
அந்த ஒரு வார்த்தையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
அதையும் அழித்தேன்.

விரல் எங்கெங்கோ தள்ளிப் போனதில்
நான் போட்ட நட்சத்திரம் வந்து நின்றது.
ஆயுசுக்கும் போட்டதே ஒன்றுதான்.
மதுரையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஒரு லாட்ஜ்.
'சுத்தம் இல்லை.'

சுத்தமாகத்தான் இருந்தது.
கேட்டபோதெல்லாம் வெந்நீர் வாளியோடு
மூன்று மாடி ஏறி வந்தான் ஒரு பையன்.
இவருக்குக் கஞ்சி இறங்கவில்லை என்றதும்
எங்கிருந்தோ நார்த்தங்காய் வாங்கி வந்தான்.
அன்றைக்குத்தான் டாக்டர்
இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு
படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டியது.
யாருக்காவது எதையாவது போட வேண்டியிருந்தது.
டாக்டருக்குப் போடப் பயம்.
சாமிக்குப் போட இடம் இல்லை.

லாட்ஜ் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில்
'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றிருந்தது.
மூடின கதவுக்கு
ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்காக அந்த ஒன்பது பேரை
மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
குக்கர் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

காலையில் எழுதினேன்:
'திரு. புவனேந்திரன் அவர்களுக்கு வணக்கம்.
நேற்று முதல் அருவியில் குளிக்க விடுகிறார்கள்.
குக்கரின் வெயிட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.
அது இல்லாமல் உங்களுக்குப் பருப்பு வேகாது.
வரும்போது வாங்கிக்கொள்ளவும்.'

கீழே ஹாரன் கேட்கிறது.
ஆறு பேர் என்று சொல்லியிருக்கிறார்கள்.